ரன்வேயில் சாப்பிடக் கூடாது

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மே மாதம், ஹைதராபாத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய விமானத் தளத்தில் நடந்தது இது. செகந்திராபாத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் முக்கால் மணி நேரம். காலனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அசோசியேஷன்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களோடு போட வேண்டிய சண்டை ஏற்கெனவே நிறைய பாக்கி இருக்கிறது.

எனக்கு இனிமையாகப் பேச வராது. ஒரு தனியார் பள்ளியில் பஸ்களை அனுப்புகிற பொறுப்பு என்னுடையது. டிரைவர்களிடம் கத்திக் கத்தியே தொண்டை இப்படி ஆகிவிட்டது. என் மாமனாருக்கும் இனிமை வராது. அவர் விமானப்படையில் சார்ஜெண்டாக இருந்தவர். கத்த மாட்டார், ஆனால் ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல மாட்டார். குழம்பு நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார். நன்றாக இல்லை என்றாலும் பேசாமல் சாப்பிடுவார். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாமலே இருபது வருஷத்துக்கு மேல் அவருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த விமானத் தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகப் போர் சமயத்தில் அவசர அவசரமாகப் போட்டார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். போர் முடிந்து வெள்ளைக்காரன் போன பிறகு, பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்க நம் விமானப்படை அதைப் பயன்படுத்தியது. மாமா அங்கே இன்ஜின் பழுது பார்க்கிற ஃபிட்டர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் இங்கே வந்து நிலைத்துவிட்டார். தளத்துக்கு ஒட்டின மாதிரி மனை விற்கிறார்கள் என்றதும், அத்தை எவ்வளவு சொல்லியும் கேட்காமல் இங்கேயே வாங்கினாராம். இன்ஜின் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராதாம். வீடு கட்டி முடிப்பதற்குள், இந்த ஓடுபாதை புது ஜெட்டுகளுக்கு நீளம் போதாது என்று தளத்தை மூடிவிட்டார்கள். சத்தத்துக்காக வாங்கின வீட்டில் சத்தமே இல்லை. அத்தை சாகும் வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நுழைந்துவிட்டார்கள். ஒரு பக்கம் லாரி ஷெட், ஒரு பக்கம் அபார்ட்மெண்ட். கூரை போன ஒரு ஹேங்கர் மட்டும் எலும்புக்கூடு மாதிரி நிற்கிறது. 'அரசு நிலம், அத்துமீறி நுழையாதீர்' என்ற போர்டும் இருக்கிறது, அதன் நிழலில் ஒருவர் கரும்பு ஜூஸ் விற்கிறார். ஓடுபாதையில் மிச்சமிருக்கும் துண்டில் காலையில் வாக்கிங் போவார்கள், கார் ஓட்டப் பழகுவார்கள், அறுவடை சமயத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் மக்காச்சோளம் காயப்போடுவார்கள்.

மாமாவுக்கு மறதி நோய் வந்தது அத்தை போன பிறகு. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் தெருவை மறந்தார், அப்புறம் எங்களை. என் வீட்டுக்காரரைத் தன் அண்ணன் என்று நினைத்து மரியாதையாகப் பேசுவார். என்னை யார் என்று நினைத்தார் என்பது எனக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. சர்க்கரை வேறு. காலையில் நான்தான் இன்சுலின் போடுவேன். போட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆளே போய்விடலாம் என்று டாக்டர் மிரட்டி வைத்திருந்தார்.

அன்றைக்கு ஊசி போட்டேன். இட்லி வெந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் டேங்கர் வந்தது. வெயில் காலத்தில் இங்கே டேங்கர் வந்தால் கடவுள் வந்த மாதிரி. அந்தக் கடவுள் பாதி டேங்க் தண்ணீரை எதிர் வீட்டுக்கு ஊற்றிவிட்டு மீதியோடு வந்து நின்றான். சும்மா விடுவேனா? அவனோடு வாசலில் கத்திவிட்டு உள்ளே வந்தால் மாமா இல்லை. செருப்பு இருந்தது, ஷூ இல்லை. இஸ்திரி போட்டு மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையும் இல்லை.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அவர் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெருமுனை வாட்ச்மேன், "பெத்தாயன ரன்வே பக்கம் போனார்மா, நான் சல்யூட் வைச்சேன், திருப்பி வைச்சார்" என்றான். பெரியவரைத் தடுத்து நிறுத்தாமல் சல்யூட் வைத்திருக்கிறான்! அவனைத் திட்ட நேரமில்லை. இட்லியை டப்பாவில் போட்டு, ஒரு பொட்டலம் சர்க்கரை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. ஓடுபாதையின் நடுவில் தனியாகக் குனிந்தபடி நடந்துகொண்டிருந்தார். ரெண்டு எட்டு வைப்பார், குனிவார், எதையோ எடுத்து பேண்ட் பாக்கெட்டில் போடுவார். நான் வண்டியை ஓரத்தில் போட்டுவிட்டு ஓடினேன்.

"ரன்வேல ஓடாதே!" என்றார். எனக்குக் காலே நின்றுவிட்டது. பல மாசமாக அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"மாமா, வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"யார் நீ? உள்ள வர பாஸ் இருக்குதா உன்கிட்ட?"

இரண்டு பாக்கெட்டும் கல்லால் புடைத்திருந்தன. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அது வெயில் வியர்வை மட்டும் இல்லை என்று அவர் விரல்களைப் பார்த்ததும் தெரிந்தது. நடுங்கிக்கொண்டிருந்தன. அங்கேயே டப்பாவைத் திறந்து ஒரு இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனேன்.

என் கையைத் தட்டிவிட்டார். இட்லி தரையில் விழுந்தது. அதைக் குனிந்து ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கி எடுத்தார். "ரன்வேல சோத்தைத் திறக்கற! பருந்து வரும். இன்ஜின்ல பருந்து பூந்தா பைலட் உசுரை நீ தருவியா? மூடு அதை!"

சர்க்கரையைக் காட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டார். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் இன்ஜினைத் தூக்கின கை, லேசில் வரவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. "நீங்க செத்தா உங்க பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது? எந்த பிளேனும் வரப்போறதில்ல மாமா! இதை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு!" என்று நடு ரன்வேயில் நின்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயந்துவிட்டார். பயந்ததும் இன்னும் வேகமாகக் குனிந்து குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்தான். ஆனால் அவர்கள் வந்து இவரைத் தூக்கி ஏற்றுவதற்குள் போராடியே விழுந்துவிடுவார் என்று தோன்றியது.

அப்போதுதான் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் பக்கத்தில் வந்து நின்றது. கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் இறங்கினார். தாடி நரைத்த முஸ்லிம் பெரியவர். அவரிடம் பழகிக்கொண்டிருந்த இரண்டு காலேஜ் பெண்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

"கைக்கு சில்லாரே மேடம்?" என்றார். ஏன் கத்துகிறாய் என்று என்னையே கேட்கிறார்.

"உங்களுக்கென்ன, போய் உங்க வண்டியைப் பாருங்க" என்று வந்த கோபத்தில் ஹிந்தியில் வள்ளென்று விழுந்தேன். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. மாமாவிடம் போனார். கூட நடந்தார். மாமா குனிந்தபோது அவரும் குனிந்து ஒரு கல்லை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார்.

மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு அவரிடம் ஹிந்தியில், ரொம்ப வருத்தமாக, புகார் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் விமானங்கள் இறங்கப் போகின்றன. இறங்குவதற்குள் இவ்வளவு நீளத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு சின்னக் கல் போதும், இன்ஜின் உள்ளே உறிஞ்சிக்கொண்டால் அவ்வளவுதான். வழக்கமாக ஒரு வரிசை ஆள் நடக்கும். இன்றைக்கு ஒருத்தனும் வரவில்லை. தான் மட்டும் எப்படி முடிப்பது?

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். நான் இன்சுலின் விஷயத்தைச் சொன்னேன். டப்பாவையும் சர்க்கரைப் பொட்டலத்தையும் காட்டினேன்.

"அவருக்கு ஆள்தானே வேணும்? ஆளுக்கு இங்கே என்ன பஞ்சம்?" என்றார்.

திரும்பிக் கை தட்டினார். காரிலிருந்து இரண்டு பெண்களும் இறங்கினார்கள். வாக்கிங் வந்து திரும்பிக்கொண்டிருந்த நாலைந்து பேரை மறித்து ஏதோ சொன்னார். அதில் ஒருவர் என் எதிர் வீட்டுக்காரர், சற்று முன்னால்தான் தண்ணீருக்காக அவர் வீட்டையும் சேர்த்துத் திட்டியிருந்தேன். அவரும் வந்தார். தள்ளி மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, தானே துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். தெலுங்கில், "மா நாயன கூட இட்லானே" என்றாள். அவளுடைய அப்பாவும் இப்படித்தான் இருந்தாராம். கடைசி வரைக்கும் விற்றுப்போன எருமைக்குத் தண்ணீர் காட்டப் போவாராம்.

மாமா நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? காணாமல் போன சொந்தக்காரர்கள் மொத்தமாக வந்து இறங்கின மாதிரி இருந்தது.

"லேட்!" என்றார் முதலில். பிறகு, "ஏக் லைன்! கை நீட்டினா பக்கத்து ஆள் தோள் படணும்!"

ஓடுபாதையின் குறுக்கே வரிசையாக நின்றோம். மாமா ஒவ்வொருவரையும் சோதனை போட்டுக்கொண்டே வந்தார். தொப்பியைக் கழற்றச் சொன்னார். சட்டைப் பையில் பேனா, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது, விழுந்தால் அதுவும் கல்தான் என்றார். எதிர் வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் தொப்பியையும் மூக்குக் கண்ணாடியையும் கழற்றினார். "கண்ணாடி வேணும், போட்டுக்கோ. கண்ணு தெரியாம இன்னாத்தைப் பொறுக்குவே?" என்றதும் அந்தப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாமா முறைத்தார். சிரிப்பு நின்றது.

என்னிடம் வந்தார். என் தலையைக் காட்டி, "ஊசி" என்றார். நான் ஹேர்பின்களை எடுத்தேன். "வளையல்." கண்ணாடி வளையலையும் கழற்றினேன். எல்லாவற்றையும் பையில் போட்டு ஜிப்பை மூடின பிறகுதான் அடுத்த ஆளிடம் போனார்.

வீட்டில் தரையில் ஒரு ஹேர்பின் கிடந்தால் போதும், குனிந்து எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் ஃபிரிட்ஜ் மேல் வைப்பார். குண்டூசி, பட்டன், பேனா மூடி எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். நான் பெருக்கின லட்சணத்தைச் சொல்லிக்காட்டுகிறார் என்றே கல்யாணமான நாளிலிருந்து நினைத்தேன். பதிலுக்கு அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உடைப்பேன். அந்த மனுஷன் என் வீட்டுப் பெருக்கலைப் பற்றி நினைக்கவே இல்லை. கீழே கிடப்பதை எடுக்காமல் தாண்டிப் போக அவர் உடம்புக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதை அவர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நானும் ஒரு வரியில் கேட்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் வாய் அப்படி.

நடக்க ஆரம்பித்தோம். நான் அவர் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டேன், விழுந்தால் தாங்கலாம் என்று. என்ன கிடைத்தது தெரியுமா? ஜல்லிக்கல், பீர் பாட்டில் மூடி, பட்டாசுக் காகிதம், கிரிக்கெட் பந்தின் பாதித் தோல், யாருடைய ஸ்கூட்டர் கண்ணாடியோ. எடுத்ததை எடுத்ததும் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். மாமா பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த எட்டு. மக்காச்சோளம் காயும் இடம் வந்தது. மாமா நின்றுவிட்டார். தானியம் என்றால் பறவை. அந்த அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாங்கள் நடக்கிற பாதை அகலத்துக்கு அவள் பரப்பியிருந்ததையெல்லாம் துடைப்பத்தால் ஓரமாகக் குவித்து, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினாள். பரப்ப அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நடுவு, நடுவு" என்று நடக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

மாமாவின் நடை தள்ளாட ஆரம்பித்திருந்தது. பேச்சு குழறியது. ஒரே கல்லை இரண்டு முறை எடுத்துக் கீழே விட்டார். "சீக்கிரம் நடங்க எல்லாரும்" என்று பல்லைக் கடித்துச் சொன்னேன். மாஸ்டர் அந்தப் பக்கத்திலிருந்து, "ஹவ் ஹவ், ஆமா, சீக்கிரம்தான். ஆனா கல்லை விட்டுட்டு நடக்க நக்கோ, வேணாம். அவர் பார்ப்பார்" என்றார். அவர் சொன்னது சரி. ஒரு கல்லை விட்டால் மாமா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லியிருப்பார்.

கடைசியில் அபார்ட்மெண்டின் மதில் வந்தது. பாதிக்கு மேல் ஓடுபாதை அந்த மதிலுக்கு அந்தப் பக்கம்தான் கார் பார்க்கிங்காகக் கிடக்கிறது. மாமா மதிலில் கையை வைத்துத் தடவினார். மேலே பார்த்தார். பால்கனியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"இது யாரு கட்டினது?" என்றார். "ரன்வே இன்னும் போகுதே." உதடு வெளுத்திருந்தது.

எனக்குப் பொய் சொல்லவே வராது. உள்ளதை உள்ளபடி மூஞ்சியில் அடித்துச் சொல்லித்தான் பழக்கம். சற்று முன்னால் அப்படிச் சொல்லித்தானே அவரைப் பயமுறுத்தினேன்? பள்ளியில் பஸ் டிரைவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றேன்.

"அந்தப் பக்கம் வேற டீம் பாத்துட்டாங்க சார். நம்ம பக்கம் கிளியர். ரன்வே கிளியர் சார்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். எல்லோரும், அந்த எதிர் வீட்டுக்காரர்கூட, "கிளியர் சார்" என்றார்கள். பொறுக்கினதையெல்லாம் மாஸ்டரின் துண்டில் கொட்டினோம். மாமா விரலால் ஒருமுறை கிளறிப் பார்த்தார்.

"சரி. இப்ப ரன்வேயை விட்டு இறங்குங்க" என்றார்.

ஓரத்தில் ஒரு வேப்ப மரம். அவரைத் தாங்கி அதன் கீழே உட்கார வைத்தோம். டப்பாவைத் திறந்தேன். வாயை மூடிக்கொண்டார். இன்னும் என்ன? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் தலையை மெதுவாக ஆட்டி, வரிசையாக நின்றவர்களைக் கையால் காட்டினார். "முதல்ல ஆளுங்க" என்றார்.

வேலை செய்த ஆட்கள் சாப்பிடாமல் சார்ஜெண்ட் சாப்பிட மாட்டாராம்.

இட்லிகளைப் பிய்த்தேன். ஆளுக்கு ஒரு துண்டு, விரல் நகத்தளவு. மாஸ்டர் "பிஸ்மில்லா" சொல்லி வாயில் போட்டுக்கொண்டார். மக்காச்சோள அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். எதிர் வீட்டுக்காரர் காலையில் நான் பேசினதற்கு என் முகத்தைப் பார்க்கக்கூடச் சங்கடப்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் கையை நீட்டினார். அவரவர் வாய் அசைவதைக் கடைசி ஆள் வரைக்கும் பார்த்துவிட்டு, மாமா வாயைத் திறந்தார்.

முதல் வாயில் சர்க்கரையைத்தான் வைத்தேன். பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தி ஓடிப்போய் வாங்கி வந்த கரும்பு ஜூஸ். பிறகு மிச்சமிருந்த இட்லி. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. உதட்டில் நிறம் வந்தது. அது வரைக்கும் யாரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மாஸ்டர் எங்களைத் தன் காரில் வீட்டில் கொண்டுவந்து விட்டார். பாடம் போயிற்றே என்று அந்தப் பெண்கள் முனகவில்லை. என் ஸ்கூட்டியை ஒருத்தி பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தாள். காரில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேட் கிட்டே வரும்போது என் பக்கம் திரும்பினார்.

"நல்லா வேலை செஞ்சேம்மா. புதுசா சேர்ந்தியா?"

இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு. அதுவும் நான் யாரென்றே தெரியாமல்.

"ஆமா சார்," என்றேன். "இப்பத்தான் சேர்ந்தேன்."

அவர் போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். அது வரைக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாள், முதலில் இட்லி, அப்புறம் ரன்வே என்று பழக்கப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். மாஸ்டரும் கார் கற்க வந்தவர்களும் கொஞ்ச தூரம் கூட நடப்பார்கள். வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், அப்பாவிடம் லேட் என்று திட்டு வாங்குவார். நான் மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். டேங்கர்காரனோடு இன்னும் அதே சண்டைதான். ஆனால் யாராவது இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு தனியாகத் தவிப்பதைப் பார்த்தால், அது இல்லை என்று சொல்ல வாய் துடிக்கும்போதெல்லாம், முதலில் அவர்கள் பக்கத்தில் போய் வரிசையில் நிற்கத்தான் இப்போது எனக்குக் கால் போகிறது.